சர்க்கரை நோய், இதயம், மூச்சு வாங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயப் பரிசோதனைப் பிரிவில், டிரெட்மில் டெஸ்ட் (ஓடும் பட்டையில் நடக்க வைத்து இசிஜி பார்ப்பது) எடுக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். சர்க்கரை உள்ளவர்கள் அங்கே வந்து திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் டைப் 2 சர்க்கரை நோயைப் பற்றியவை. மருந்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் உங்களைப் பார்க்கும் டாக்டரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

சர்க்கரை வந்து 8 வருஷம் ஆகிறது. நெஞ்சுவலி கிடையாது. ஆனால் இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இது வயசா, வெயிட்டா, சர்க்கரையா?

மூன்றுக்குமே பங்கு இருக்கலாம். முதல் இரண்டைச் சொல்லிவிட்டு மூன்றாவதை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. ஒரே வயது, ஒரே மாதிரி எடை, ஒரே அளவு நடமாட்டம் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொண்டால், சர்க்கரை உள்ளவரின் உழைக்கும் திறன் மற்றவரைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதய ரத்தக் குழாயில் அடைப்பே இல்லாதவர்களிடமும் இந்தக் குறைவு இருக்கிறது. வேறு எந்தச் சிக்கலும் இன்னும் எட்டிப் பார்க்காதவர்களிடமும் இருக்கிறது.

அதனால் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது சுகர் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டிவிட்டு வராதீர்கள். மூச்சு வாங்குவதைத் தனியாக, விவரமாகச் சொல்லுங்கள். போன வருடம் நிற்காமல் ஏறிய மாடியில் இப்போது நடுவில் நிற்கிறீர்களா? படுத்தால் மூச்சு முட்டி, ஒரு தலையணை இரண்டாகிவிட்டதா? சாயங்காலம் கணுக்காலில் சாக்ஸ் பட்டை போட்ட தடம் பள்ளமாகத் தெரிகிறதா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தாலே டாக்டர் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று பாதி முடிவு செய்துவிடுவார். ரத்தசோகை, தைராய்டு, நுரையீரல் பிரச்சினை ஆகியவற்றாலும் மூச்சு வாங்கும் என்பதால் அவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்.

சர்க்கரை இதயத்தைப் பாதிக்கும் என்றால் அடைப்பு வரும் என்பதுதானே அர்த்தம்?

அடைப்பு ஒரு வழி. அதுவே பெரிய வழி. ஆனால் ஒரே வழி இல்லை. 1972ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ரூப்லரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் 4 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். நான்கு பேருக்கும் சர்க்கரை நோய், நான்கு பேருக்கும் இதயச் செயலிழப்பு (இதயம் நின்றுபோவது இல்லை, உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைச் சரியாக அனுப்ப முடியாத நிலை). இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தபோது இதய ரத்தக் குழாய்களில் பெரிய அடைப்பு எதுவும் இல்லை. பாதிப்பு இதயத் தசையிலேயே இருந்தது. இதைத்தான் இன்று டயபெடிக் கார்டியோமயோபதி என்கிறார்கள்.

இரண்டு வருடம் கழித்து, 1974இல், அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் நகரில் 1948இலிருந்தே மக்களைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்விலிருந்து ஒரு கணக்கு வெளிவந்தது. சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2 மடங்குக்கும் மேல். பெண்களுக்கு 5 மடங்கு. வயது, ரத்த அழுத்தம், எடை, கொழுப்பு என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் சர்க்கரைக்கென்று ஒரு தனிப் பங்கு மிச்சம் இருந்தது.

இந்தப் பெண்கள் கணக்கு என்னை எப்போதும் உறுத்தும். வீட்டில் மூச்சு வாங்குகிறது என்று ஓர் அம்மா சொன்னால், கொஞ்சம் வெயிட்டைக் குறை என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதே வார்த்தையை அப்பா சொன்னால் மறுநாளே இசிஜி எடுக்கக் கூட்டிப் போகிறார்கள். உழைக்கும் திறன் குறைவதும் பெண்களிடம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலில் கூட்டிப் போக வேண்டியது அம்மாவைத்தான்.

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் ஈஎஃப் 60 சதவீதம், நார்மல் என்று இருக்கிறது. கீழே கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன் என்று போட்டிருக்கிறது. எது சரி?

இரண்டும் சரி. ஈஎஃப் என்பது இதயம் ஒரு துடிப்பில், உள்ளே இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. 55-க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்ல அளவு. அது இதயம் சுருங்கும் வேலையைச் சொல்கிறது. டயஸ்டாலிக் என்பது சுருங்கிய இதயம் மறுபடி தளர்ந்து, விரிந்து, ரத்தத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும் வேலை. சர்க்கரை முதலில் கை வைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையில்தான்.

பழைய ஆட்டோக்களில் கையால் அமுக்கும் ரப்பர் ஹாரன் இருக்குமே, அதன் உருண்டை வெயிலில் காய்ந்து விறைத்துப்போனால் என்ன ஆகும்? அமுக்கினால் சத்தம் வரும். விட்டால் சட்டென்று உப்பாது. அவசரமாக அடுத்தடுத்து அமுக்கினால் பாதிக் காற்றோடுதான் ஊதும். விறைத்த இதயமும் அப்படித்தான். உட்கார்ந்திருக்கும்போது துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையில் நிறைய நேரம் கிடைப்பதால் மெதுவாக நிரம்பிக்கொள்ளும், ஒரு குறையும் தெரியாது. மாடி ஏறும்போது நாடி கூடுகிறது, நிரம்புவதற்கான நேரம் சுருங்குகிறது. சீக்கிரம் தளர முடியாத இதயத்துக்கு உள்ளே போதுமான ரத்தம் வராது. வர வேண்டிய ரத்தம் பின்னால் நுரையீரல் பக்கம் தேங்கி அழுத்தம் கூடுகிறது. அதுதான் மூச்சு வாங்கல்.

எக்கோ எடுப்பது படுக்க வைத்து. உங்களுக்குத் தொல்லை வருவது படி ஏறும்போது. அதனால்தான் எக்கோ நார்மல் என்ற ஒரு வார்த்தையோடு விஷயத்தை முடிக்கக் கூடாது என்று சொல்கிறேன்.

கிரேடு 1 என்று பார்த்துப் பயந்துபோக வேண்டாம். 60 வயது தாண்டியவர்களில், சர்க்கரை இல்லாத பலருக்கும் அது இருக்கும். அறிகுறி எதுவும் இல்லாமல் அது மட்டும் இருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, நடை ஆகிய நான்கையும் ஒழுங்குபடுத்துவதுதான் வைத்தியம். மூச்சு வாங்கலும் சேர்ந்து இருந்தால் என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனையை டாக்டர் எழுதிக் கொடுக்கலாம். இதயச் சுவருக்கு அழுத்தம் கூடும்போது ரத்தத்தில் ஏறும் பொருள் அது. சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது இந்த வகைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்று அமெரிக்க டயபெடிஸ் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது.

சர்க்கரை எப்படி இதயத் தசையை விறைக்க வைக்கிறது?

பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ரத்தத்தில் வருடக்கணக்கில் கூடுதலாக ஓடும் குளுக்கோஸ், உடம்பில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி என்பதே ஹீமோகுளோபினில் இப்படி ஒட்டிய குளுக்கோஸின் அளவுதான். ரத்தச் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள், அதோடு போய்விடும். இதயத் தசை நார்களுக்கு நடுவில் இருக்கும் கொலாஜன் அப்படிச் சீக்கிரம் மாறுவதில்லை. அதில் ஒட்டிய குளுக்கோஸ் நாளாவட்டத்தில் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. தசை நெகிழ்வை இழக்கிறது.

இன்னொன்று எரிபொருள். நல்ல இதயம் கொழுப்பு அமிலத்தையும் குளுக்கோஸையும் தேவைக்கு ஏற்ப மாற்றி மாற்றி எரிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது குளுக்கோஸை உள்ளே எடுப்பது தடைப்பட்டு, இதயம் ஏறக்குறைய முழுக்கக் கொழுப்பையே நம்ப ஆரம்பிக்கிறது. கொழுப்பை எரித்து அதே அளவு சக்தி எடுக்க ஆக்சிஜன் கூடுதலாக வேண்டும். ரத்தத்தில் குளுக்கோஸ் நிறைய ஓடியும் தசைக்கு அது எட்டுவதில்லை. எரியாமல் மிஞ்சும் கொழுப்பு செல்லுக்குள்ளேயே தங்கித் தொல்லை கொடுக்கிறது. இது போக, ஆஞ்சியோகிராமில் தெரியாத அளவு நுண்ணிய ரத்தக் குழாய்களும் விரிய வேண்டிய நேரத்தில் சரியாக விரிவதில்லை. ரத்த அழுத்தமும் இருந்தால் (பலருக்கு இருக்கிறது) தசை தடித்து இன்னும் விறைக்கும்.

உழைக்கும் திறன் என்கிறீர்களே, அதை எப்படி அளக்கிறார்கள்?

முழு வேகத்தில் உழைக்கும்போது உங்கள் உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்பதுதான் அளவு. முகத்தில் மாஸ்க் போட்டு, மூச்சுக் காற்றை அளந்துகொண்டே சைக்கிளோ டிரெட்மில்லோ ஓட்டச் சொல்லி நேரடியாகக் கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு. எல்லா ஊரிலும் கிடைக்காது. சாதாரண டிரெட்மில் டெஸ்டில் இதையே மெட் என்ற கணக்கில் மதிப்பிட்டுச் சொல்வோம். 1 மெட் என்பது சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு, அதாவது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லி லிட்டர் ஆக்சிஜன். சாதாரணமாக மாடிப்படி ஏற 4 மெட் அளவு வேண்டும். ஒருவரின் உச்சத் திறனே 5 மெட் என்றால், படி ஏறும்போது அவர் கிட்டத்தட்ட முழு சக்தியையும் செலவழிக்கிறார். 10 மெட் உள்ளவருக்கு அதே படி பாதிக்கும் குறைவான வேலை.

திறன் குறைவதற்கு இதயம் மட்டும் காரணம் இல்லை. இதயம் அனுப்பும் ரத்தம் ஒரு பாதி என்றால், வந்த ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைத் தொடைத் தசை உறிஞ்சுவது மறுபாதி. சர்க்கரையில் இரண்டும் குறைகின்றன. நடக்க ஆரம்பித்ததும் ஆக்சிஜன் பயன்பாடு மேலே ஏறுவதும் மெதுவாக நடக்கிறது. முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் உயிர் போகிறது, அப்புறம் பரவாயில்லை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இவர்களுக்கு எடுத்த எடுப்பில் வேகமாக நடப்பது ஒத்துவராது. 5 நிமிடம் மெதுவாக நடந்து சூடேற்றிக்கொள்வது நல்லது.

டிரெட்மில் டெஸ்ட் எடுத்தேன், நெகட்டிவ் என்று வந்தது. அப்போது இதயம் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

நெகட்டிவ் என்ற வார்த்தைக்குக் கீழே இருக்கும் வரிகளையும் படியுங்கள். எத்தனை நிமிடம் நடந்தீர்கள், எத்தனை மெட், உச்ச நாடி எவ்வளவு, எதனால் நிறுத்தினார்கள்.

இங்கே பெரும்பாலும் புரூஸ் என்ற முறையில் டெஸ்ட் நடக்கும். 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், சரிவு 10 சதவீதம். அதை முடித்தால் 5 மெட் பக்கம். இரண்டாவது கட்டம் முடித்தால் 7. மூன்றாவது முடித்தால் 10 பக்கம். முதல் கட்டத்திலேயே கால் வலிக்கிறது என்று நிறுத்தியவருக்கு இசிஜியில் மாற்றம் தெரியாமல் போகலாம், ஏனென்றால் இதயத்துக்குப் போதுமான வேலையே கொடுக்கப்படவில்லை. அந்த நெகட்டிவும், மூன்றாவது கட்டத்தை முடித்தவரின் நெகட்டிவும் ஒன்றாகாது.

கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, உடம்பின் எடையைக் கைகளில் சாய்த்து நடப்பவர்களும் நிறைய. அப்படி நடந்தால் மெஷின் காட்டும் மெட் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கும். விரலை லேசாக வைத்துக்கொள்ளுங்கள், போதும். முழங்கால் வலி, காலில் மரத்துப்போன உணர்ச்சி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வேறு வகைப் பரிசோதனை இருக்கிறது.

மெட் எண்ணுக்கு நான் இவ்வளவு மதிப்பு கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்து வெளியான ஒரு பெரிய கணக்கில், 1 மெட் கூடுதல் திறன் உள்ளவர்களிடம் இறப்பு 13 சதவீதம் குறைவாக இருந்தது. எச்பிஏ1சி எவ்வளவு என்று கேட்டால் டக்கென்று சொல்கிறோம். அந்த அளவுக்கு இந்த எண்ணையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நெஞ்சுவலியே இல்லாமல் ஹார்ட் அட்டாக் வருமா?

வரும். நெஞ்சில் உள்ள வலி நரம்புகளையும் சர்க்கரை மழுங்கடித்துவிடுவதால், இதயத்துக்கு ரத்தம் குறையும்போது வலி தெரியாமல் போகலாம். திடீர் மூச்சு வாங்கல், காரணமில்லாத வியர்வை, ஒரேயடியான அசதி, குமட்டல், தாடையிலோ தோளிலோ மேல் வயிற்றிலோ ஒரு சங்கடம் என்று வேறு வேஷத்தில் வரும். நம் ஊரில் இதற்கெல்லாம் கேஸ் என்று பெயர் வைத்து, சோடா குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை உள்ளவருக்கு வழக்கமில்லாத மாதிரி இப்படி வந்து 10, 15 நிமிடத்தில் போகவில்லை என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிட்டு, இசிஜி எடுக்கும் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். தானே பைக் ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

அப்படியென்றால் அறிகுறி இல்லாவிட்டாலும் எல்லோரும் வருடா வருடம் ஸ்கேன், ஆஞ்சியோகிராம் எடுத்துவிடலாமே?

தேவையில்லை. இதை டயாட் (DIAD) என்ற அமெரிக்க, கனடா ஆய்வில் நேரடியாகவே சோதித்துப் பார்த்தார்கள். அறிகுறியே இல்லாத சர்க்கரை நோயாளிகளுக்கு ஸ்கேன் செய்தபோது 22 சதவீதம் பேருக்கு மறைந்திருந்த ரத்தக் குறைவு தெரிந்தது. ஆனால் 2009இல் முடிவு வந்தபோது, ஸ்கேன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் அட்டாக், இதய இறப்பு ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அந்தப் பணத்தை நல்ல ஷூவுக்கும் ஒழுங்கான மருந்துக்கும் செலவழிக்கலாம். அறிகுறி இருந்தாலோ, இத்தனை நாள் உட்கார்ந்தே இருந்தவர் திடீரென்று ஓட்டம், ஜிம் என்று கடுமையாக இறங்கப் போகிறார் என்றாலோ டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போதே நாடி 100-க்கு மேல் இருக்கிறது. எழுந்தால் கண் இருட்டுகிறது. இதுவும் சர்க்கரையா?

இருக்கலாம். இதயத் துடிப்பைக் கூட்டிக் குறைக்கும் தன்னியக்க நரம்புகளும் சர்க்கரையில் கெடும். முதலில் கெடுவது பெரும்பாலும் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பு. பிரேக் பிடிக்க ஆள் இல்லாததால் ஓய்விலும் நாடி அதிகமாக இருக்கிறது. போகப் போக, உழைக்கும்போது நாடியைக் கூட்டும் நரம்பும் சோர்ந்துவிடும். அப்போது என்னதான் வேகமாக நடந்தாலும் நாடி தேவையான அளவு ஏறாது. இதயம் அனுப்பும் ரத்தத்தைக் கூட்ட முக்கிய வழியே நாடியைக் கூட்டுவதுதான் என்பதால் திறன் அங்கேயே முட்டி நின்றுவிடுகிறது.

வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். 5 நிமிடம் படுத்திருந்துவிட்டு பிரஷர் பாருங்கள். எழுந்து நின்று 3 நிமிடத்துக்குள் மறுபடி பாருங்கள். மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்படி நரம்பு கெட்டவர்களுக்கும், நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும், 220-இலிருந்து வயதைக் கழித்து நாடி இலக்கு வைக்கும் கணக்கு பொருந்தாது. கையில் கட்டிய வாட்ச் சொல்வதை நம்பி வேகம் கூட்டவும் வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு போதும்.

எச்பிஏ1சி-யை நன்றாகக் குறைத்துவிட்டால் இதயம் சரியாகிவிடுமா?

உதவும். பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில் எச்பிஏ1சி 1 சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு 16 சதவீதம், ஹார்ட் அட்டாக் 14 சதவீதம் குறைவாக இருந்தது. அதற்காக எல்லோரும் 6-க்குக் கீழே கொண்டுபோக வேண்டும் என்று அர்த்தமில்லை. அக்கார்ட் என்ற ஆய்வில் அப்படித் தீவிரமாகக் குறைத்த பிரிவில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தப் பகுதியை நிறுத்தவே வேண்டியதாயிற்று. நீண்ட நாள் சர்க்கரை, வயது, ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு டாக்டர் 7, 7.5 என்று கொஞ்சம் தளர்வாக இலக்கு வைத்தால் அது அலட்சியம் இல்லை.

நடந்தால் போன திறன் திரும்பி வருமா? எவ்வளவு நடக்க வேண்டும்?

வரும். எனக்கு இந்த வேலையில் பெரிய சந்தோஷமே இதுதான். முதல் கட்டத்தில் நின்றவர் சில மாதம் ஒழுங்காக நடந்துவிட்டு வந்து இரண்டாவது கட்டத்தை முடித்துவிட்டு, இன்னும் போகலாமா என்று கேட்பார். 2003இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், டைப் 2 உள்ளவர்கள் முறையாகப் பயிற்சி செய்தபோது உச்சத் திறன் சராசரியாக 11.8 சதவீதம் கூடியது. பயிற்சி கடுமையாகக் கடுமையாகத் திறனும் கூடுதலாக ஏறியது.

பொதுவாகச் சொல்லப்படும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம், சேர்ந்தாற்போல் 2 நாளுக்கு மேல் இடைவெளி விடாமல். பூங்காவில் பேசிக்கொண்டே போகும் மெதுநடை சர்க்கரைக்கு நல்லது, மனசுக்கும் நல்லது. ஆனால் திறன் ஏற அது மட்டும் போதாது. டென்மார்க்கில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், டைப் 2 உள்ளவர்களை இரண்டு பிரிவாக்கி 4 மாதம் நடக்க வைத்தார்கள். ஒரே சீராக நடந்தவர்களுக்கு உச்சத் திறன் ஏறவில்லை. 3 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெது என்று மாற்றி மாற்றி நடந்தவர்களுக்கு 16 சதவீதம் ஏறியது. இரண்டு பிரிவும் செலவழித்த சக்தி ஏறக்குறைய ஒன்றுதான்.

இதை நம் தெருவிலேயே செய்யலாம், செலவே இல்லை. புதிதாக ஆரம்பிப்பவர் முதல் சில வாரம் 10 நிமிடம் மெதுவாக நடந்து பழகட்டும். அப்புறம் 1 நிமிடம் வேகம், 3 நிமிடம் மெது. பிறகு மெல்ல மெல்ல வேகத்தின் நேரத்தைக் கூட்டலாம். வேகம் என்பது ஓட்டம் இல்லை. பஸ் கிளம்பப் போகிறது என்றால் எப்படி எட்டி நடப்போமோ, அந்த நடை.

வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை வேண்டும். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போதும். கண்ணில் ரத்தக் கசிவு, லேசர் சிகிச்சை என்று இருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கனம் தூக்கக் கூடாது. கண் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

காலையில் நேரமே இல்லை என்பவர்கள் சாப்பிட்ட பிறகு நடக்கலாம். நியூசிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வில், நாளுக்கு ஒரு முறை 30 நிமிடம் நடப்பதைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 10 நிமிடம் நடந்தபோது சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 22 சதவீதம். நெஞ்சை அடைக்கும் தொல்லை ஏற்கெனவே உள்ளவர்கள் மட்டும் வயிறு முட்டச் சாப்பிட்டதும் வேகமாக நடக்க வேண்டாம்.

நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன். அது போதாதா?

உட்கார்ந்தே இருப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் வீட்டு வேலையில் பெரும்பாலானவை 2, 3 மெட் அளவில் விட்டு விட்டு நடப்பவை. இதயத்துக்குத் தொடர்ச்சியான வேலை கிடைப்பதில்லை. அதனால் 20 நிமிடம் தனியாக நடக்க வேண்டும். அந்த நேரத்தை உங்களுக்கு ஒதுக்கித் தருவது வீட்டில் உள்ள மற்றவர்களின் வேலை.

இதயத்துக்கு நல்லது என்று புதிதாக ஒரு சர்க்கரை மாத்திரை சொல்கிறார்களே?

எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகையைச் சொல்கிறீர்கள். கூடுதல் குளுக்கோஸையும் கொஞ்சம் உப்பையும் சிறுநீரில் வெளியேற்றும் மருந்துகள். 2015இல் வந்த எம்பா-ரெக் ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் உள்ள சர்க்கரை நோயாளிகளிடம் இதயத்தால் வரும் இறப்பு 38 சதவீதமும், இதயச் செயலிழப்புக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது 35 சதவீதமும் குறைந்தன. இப்போது சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் டாபாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2020இலும், எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2025இலும் முடிந்ததால் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. விலைக்காக முன்பு வேண்டாம் என்றவர்கள் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத காய்ச்சல் வந்தால் மாத்திரையை நிறுத்திவைப்பது பற்றியும், ஆபரேஷன் என்றால் எத்தனை நாள் முன்பே நிறுத்துவது என்பது பற்றியும் முதல் நாளே டாக்டரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சாப்பிடாமல் விரதம் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

செமாகுளுடைடு ஊசியை, சர்க்கரையும் உடல்பருமனும் விறைத்த இதயத்தால் வரும் செயலிழப்பும் சேர்ந்து உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. 6 நிமிடத்தில் நடக்கும் தூரம், மருந்து இல்லாத வெறும் ஊசி போட்டவர்களைவிடச் சராசரியாக 14 மீட்டர் கூடியது. நல்ல செய்திதான். ஆனால் அந்த 14 மீட்டருக்காக நடைப் பயிற்சியை விட்டுவிட முடியாது.

பழைய மாத்திரைகளில் கவனிக்க வேண்டியது பயோகிளிட்டசோன். உடம்பில் நீரைத் தேக்கும், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. விலை குறைவு என்பதால் பல கூட்டு மாத்திரைகளில் சேர்ந்து வருகிறது. கால் வீங்குகிறது, சில நாளில் எடை ஏறுகிறது என்றால் அட்டையைத் திருப்பிப் பின்னால் உள்ள பெயர்களைப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

நடக்கும்போது லோ சுகர் ஆகிவிட்டால்?

இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களும்தான் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். நடப்பதற்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒரு நடுத்தர வாழைப்பழம் போதும். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட்டோ சர்க்கரைப் பொட்டலமோ எப்போதும் இருக்கட்டும். பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பு, நடுக்கம் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும்தான் எச்சரிக்கை. கடுமையாக உழைத்த நாளில் ராத்திரி தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம்.

என் மகனுக்கு டைப் 1. விளையாட அனுப்பலாமா?

கட்டாயம் அனுப்புங்கள். வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997இல் டைப் 1 வந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 உலகக் கோப்பைவரை ஆடினார். பள்ளி பி.டி. சாரிடம் லோ சுகர் அறிகுறிகளைச் சொல்லி, ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டையும் கொடுத்துவையுங்கள். சர்க்கரை 250-க்கு மேல் போய், கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் பொருள்) இருந்தால் அன்றைக்கு மட்டும் விளையாட்டு வேண்டாம்.

கிரிவலம் போகலாமா? பழனி படி ஏறலாமா?

மூச்சு வாங்கல் புதிதாக வந்திருந்தால் முதலில் பரிசோதனை, பிறகு வேண்டுதல். மற்றவர்கள் தாராளமாகப் போகலாம், தயார் செய்துகொண்டு. திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். தினமும் 1 கிலோமீட்டர்கூட நடக்காதவர் பௌர்ணமி அன்று அதை ஒரே மூச்சில் நடக்கக் கூடாது. பழனியில் 693 படி. விஞ்ச், ரோப் கார் இரண்டும் இருக்கின்றன. ஏற முடியாவிட்டால் அதில் போவதில் குறை ஒன்றும் இல்லை.

இதயத்தைவிட எனக்குப் பயம் காலைப் பற்றித்தான். வெறுங்காலோடு நடப்பது நம் வழக்கம். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்குத் தார் ரோட்டின் சூடும் தெரியாது, குத்திய முள்ளும் தெரியாது. கொப்புளம் வந்து புண்ணாகி ஆறாமல் போனால் பல மாதம் நடையே நின்றுவிடும். கஷ்டப்பட்டுச் சேர்த்த திறனும் அதோடு போய்விடும். உணர்ச்சி குறைந்தவர்கள் வெயில் தாழ்ந்த பிறகு, தடித்த பருத்தி சாக்ஸும், கோயில் எல்லைவரை காலணியும் போட்டு நடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கு உட்பட, வேறொருவர் பார்க்க வேண்டும்.

ஊரில் இதய டாக்டர் இல்லை. யாரிடம் சொல்வது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இசிஜி எடுக்கக் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவருகிறவரிடம் மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், முன்பு எவ்வளவு தூரம் நடந்தீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வாரம் ஒரு நாள் அதே தெருவில், அதே நேரத்தில், 6 நிமிடம் முடிந்தவரை நடந்து, எந்த வீட்டு வாசல்வரை போனீர்கள் என்று காலண்டரில் குறித்துவைத்தால் அதையே காட்டலாம். டாக்டருக்கு அது மிகவும் உபயோகமாக இருக்கும்.